முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுக்கும் முறை

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, முன்புறம் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட எளிமையான இரண்டு இருக்கைக் கார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு இதன் எடையை ஒரு டன்னுக்குள் அடக்கி, நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் கொடுத்தது. ஆனால் இவற்றில் பல கார்கள் சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலுடன்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே, டயரையும் ஷாக் அப்சார்பரையும் புதுப்பித்து முடித்த உரிமையாளரின் கவனம் அடுத்ததாக லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் பக்கம், அதாவது சுருக்கமாக எல்எஸ்டியின் பக்கம், திரும்புவது இயல்பு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த நிறுவனத்தின் பெயர் பெரியது என்று பார்ப்பதைவிட, வளைவில் உங்கள் காரின் உள்பக்கப் பின்சக்கரம் என்ன செய்கிறது என்று பார்ப்பதே முதன்மையானது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா முடிவுகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் சுற்ற வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. ஓப்பன் வகை அந்த வேலையைக் குறையின்றிச் செய்கிறது. ஆனால் அது இரண்டு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். வளைவில் உடல் சாய்ந்து உள்பக்கச் சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து, அந்த டயர் 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்ற நிலை வந்துவிட்டால், வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும் அதற்கும் அதே 300 மட்டுமே கிடைக்கும், மொத்தம் 600. ஆக்சிலரேட்டரை மேலும் மிதித்தால் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றும், எஞ்சின் வேகம் ஏறும், கார் முன்னேறாது. எல்எஸ்டி என்பது பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் பங்கைத் தரும் ஏற்பாடு. அதை எப்படித் தருகிறது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

முதலில் உறுதி செய்ய வேண்டியவை

பணத்தை எடுப்பதற்கு முன்னால், உங்கள் காருக்கு இந்தக் குறை உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பாதுகாப்பான, மூடிய இடத்தில், இறுக்கமான வளைவு ஒன்றிலிருந்து இரண்டாவது கியரில் வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக அழுத்திப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி திடீரென ஏறி, கார் அதற்கேற்ப வேகம் பிடிக்காமல், உள்பக்கத்திலிருந்து மட்டும் டயர் கீச்சிட்டால் குறை டிஃபரன்ஷியலில் இருக்கிறது. அப்படி எதுவும் நிகழாமல் கார் முன்பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டு போனால், அது டயரையும் வீல் அலைன்மென்ட்டையும் சார்ந்த சிக்கல். அதற்கு எல்எஸ்டி மருந்தாகாது. சில வகை எல்எஸ்டி அதை இன்னும் மோசமாக்கும்.

உள்பக்கச் சக்கரம் சுற்றுகிறது என்று தெரிந்த பின்னும் ஒரு படி நின்று சஸ்பென்ஷனைப் பாருங்கள். அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்ட கார், தளர்ந்துபோன பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷனின் அசைவைக் கடைசியில் தடுக்கும் ரப்பர்), தடிமனான பின்புற ஆன்டி-ரோல் பார் (உடல் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஆகிய மூன்றும் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடக் கூடியவை. பின்புற பாரை மெலிதாக மாற்றியதும் சிக்கல் பாதியாகக் குறைந்துவிடுவது உண்டு. சக்கரம் பாரம் குறைந்து சுற்றுகிறதா, அல்லது முழுவதுமாகத் தரையை விட்டே எழும்புகிறதா என்பதை வெளியிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லியோ வீடியோ எடுத்தோ அறிந்துகொள்வது அவசியம். அதன் காரணம் டார்சென் என்னும் எல்எஸ்டி வகையைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்தக் கார் என்பது. 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட தொடக்ககாலக் கார்களில் இருப்பது, உள்ளிருக்கும் பெரிய வளையப் பல்சக்கரமான கிரவுன் வீல் சுமார் 6 அங்குல விட்டமுள்ள சிறிய டிஃபரன்ஷியல். 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாஸ்டா அதனுடன் 7 அங்குலப் பெரிய டிஃபரன்ஷியலைக் கொடுத்தது. சிறியதற்கு விருப்பத் தேர்வாகக் கிடைத்த எல்எஸ்டி விஸ்கஸ் வகை. பெரியதற்குக் கிடைத்தது டார்சென். இரண்டு டிஃபரன்ஷியல்களின் உள்பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. 7 அங்குல டார்செனை 6 அங்குல ஹவுசிங்குக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், பொருத்தலாம் என்று நினைத்து வாங்கினால் அது வெறும் இரும்பாகவே கிடக்கும்.

விஸ்கஸ் வகை

பிசுபிசுப்பான சிலிகான் திரவத்துக்குள் துளையிட்ட மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். சக்கரங்களுக்கிடையே வேக வித்தியாசம் வரும்போது திரவம் அதை எதிர்க்கும். அதாவது, சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் இது வேலை செய்யத் தொடங்குகிறது. ஈரச் சாலையில் மென்மையாகவே செயல்படும். வளைவிலிருந்து வேகமாக வெளியேறும் காருக்கு இதன் தாமதம் ஒத்துவராது. இன்று அதைவிடப் பெரிய சிக்கல் வயது. மூடப்பட்ட உறைக்குள் இருக்கும் அந்தத் திரவம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது, வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் அதைப் பிரித்துப் புதுப்பிக்கவும் வழியில்லை. உங்கள் காரில் ஏற்கெனவே விஸ்கஸ் இருந்தால் அப்படியே ஓட்டுங்கள். மேம்பாடு என்ற பெயரில் பழைய விஸ்கஸ் ஒன்றைத் தேடி வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டார்சென், குவைஃப் போன்ற கியர் வகை

இவற்றில் தேயும் தட்டுகள் இல்லை. சுருள் பல் கொண்ட கியர்கள் முறுக்குவிசையின் கீழ் ஒன்றையொன்றும் உறையின் சுவரையும் அழுத்தி உராய்வதால், பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் பங்கு தானாகவே போய்ச் சேர்கிறது. சக்கரம் வழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்திய கணத்திலேயே இது செயல்படுகிறது. எத்தனை மடங்கு கூடுதலாகத் தர முடியும் என்பதே இதன் முறுக்குவிசைப் பகிர்வு விகிதம். அந்த விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், முன்பு சொன்ன கணக்கில் உள்பக்கச் சக்கரம் 300 மட்டுமே தாங்கும்போது வெளிப்பக்கத்துக்கு 750 வரை போகலாம். மொத்தம் 600 என்பது 1050 ஆகிறது. வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தில் இது ஓட்டுநருக்கு உடனே தெரியும் வித்தியாசம்.

இந்தக் கணக்கிலேயே இதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி அதன் பிடிப்பு பூச்சியமாகிவிட்டால், பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். அப்போது கியர் வகை கிட்டத்தட்ட ஓப்பன் வகையைப் போலவே நடந்துகொள்ளும். சஸ்பென்ஷனை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். சக்கரங்கள் தரையில் இருக்கும் சாலைக் காருக்கு இது குறையே அல்ல. ஆக்சிலரேட்டரை விட்டதும் இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடுவதால், வளைவுக்குள் நுழையும்போது காரின் ஸ்டீரிங் இயல்பு மாறுவதில்லை. எம்எக்ஸ்-5 போன்ற ஒரு காரில் காப்பாற்ற வேண்டிய முதல் குணம் அதுதான் என்பதால், சாலையில் ஓட்டுபவர்களுக்கும் எப்போதாவது டிராக்குக்குப் போய்வருபவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது டார்சென். பிரிட்டனின் குவைஃப் நிறுவனம் செய்யும் கியர் வகையும் இதே தத்துவத்தில் இயங்குவது. நல்ல நிலையில் பழைய டார்சென் கிடைக்காத இடத்தில் அதைப் புதிதாக வாங்குவது சரியான மாற்று.

கிளட்ச் பிளேட் வகை

ஜப்பானின் கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிகென் போன்ற நிறுவனங்கள் தரும் இவ்வகையில், பக்க கியர்களுக்குப் பின்னால் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். முறுக்குவிசை வரும்போது நடுவிலுள்ள குறுக்குத் தண்டு, அழுத்த வளையங்களில் வெட்டப்பட்ட சாய்தளங்களின் மீது ஏறி அவற்றை இருபுறமும் தள்ளும், பிளேட்டுகள் இறுகும். இதற்கும் மேலாக, ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை எப்போதும் ஓரளவு அழுத்தியே வைத்திருக்கும். இந்த முன்னழுத்தம் இருப்பதால், சக்கரம் முழுவதும் அந்தரத்தில் நின்றாலும் மறுபக்கத்துக்குச் சிறிது முறுக்குவிசை போகும். அந்தச் சிறிதே சாய்தளங்களை அழுத்தத் தொடங்கி மேலும் கொஞ்சம் பெற்றுத் தரும். கெர்ப்பின் மீது ஏறி இறங்கி, உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயக் காருக்கு இதுவே தேவை.

வாங்கும்போது ஒன்-வே, ஒன்றரை-வே, டூ-வே என்று மூன்று பெயர்கள் எதிர்ப்படும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் சாய்தளம் வேலை செய்வது ஒன்-வே. ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் பிரேக்கிங்கில் வரும்போதும் அதே அளவு இறுகுவது டூ-வே. விடும்போது குறைவாக இறுகுமாறு வேறு கோணத்தில் வெட்டப்பட்டது ஒன்றரை-வே. டூ-வே பொருத்திய கார் நேர்க்கோட்டில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடாமல் நிற்கும். அதே காரணத்தால் வளைவுக்குள் திரும்ப மறுத்து முன்பக்கமாகத் தள்ளும். ட்ரிஃப்டிங் செய்பவர்கள் அதை விரும்பிக் கேட்பார்கள். குறைந்த சக்தியும் குறைந்த எடையும் உள்ள எம்எக்ஸ்-5 காரை டிராக்கில் ஓட்ட நினைப்பவருக்கு ஒன்-வேயோ ஒன்றரை-வேயோ போதும், முன்னழுத்தத்தையும் குறைந்த அளவில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முன்னழுத்தம் கூடினால் பார்க்கிங் இடத்தில் மெதுவாகத் திரும்பும்போதே பின்சக்கரங்கள் குதித்துக் குதித்து வரும், கடகடவென்ற ஓசையும் கேட்கும். பிளேட்டுகள் தேயும்; சில பருவங்களுக்கு ஒரு முறை பிரித்து மாற்ற வேண்டும். இதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லாதவர் இந்த வகைக்குப் போகக் கூடாது.

ஓப்பன் டிஃபரன்ஷியலின் உள்ளிருக்கும் சிறு கியர்களான ஸ்பைடர் கியர்களை வெல்டிங் செய்து பூட்டிவிடும் மலிவான வழியைச் சிலர் சொல்வார்கள். பொதுச் சாலையில், அதிலும் ஈரத்தில், அது ஆபத்தானது. அதைத் தேர்வுகளில் ஒன்றாகவே கருத வேண்டாம்.

1.6 கார் வைத்திருப்பவருக்கு

முதல் கேள்வி, எஞ்சினின் சக்தி. 1.6 எஞ்சின் தொடக்கத்தில் சுமார் 115 குதிரைச் சக்தி தந்தது. 1.8 வந்த பிறகு ஐரோப்பாவில் விற்ற அடிப்படை 1.6 கார்களில் அது 90-ஐ ஒட்டிய அளவுக்குக் குறைக்கப்பட்டது. இந்த 90 குதிரைச் சக்திக் காரில், நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால், உள்பக்கச் சக்கரம் சுற்றுவதே அரிது. அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிப்பது நல்லது. மாறாக டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் பொருத்தும் எண்ணமோ, பிடிப்பு மிகுந்த டிராக் டயர் போடும் எண்ணமோ இருந்தால் 6 அங்குல டிஃபரன்ஷியல் அதைத் தாங்காது என்பது இந்தக் கார்களோடு பழகிய எல்லோரும் அறிந்தது. அதற்கென்றே செய்யப்பட்ட கிளட்ச் வகைகள் கிடைத்தாலும், பலவீனமான கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் ஆகியவற்றோடு விலை உயர்ந்த எல்எஸ்டியைப் போடுவதில் பயனில்லை.

ஆகவே 1.6 காருக்குச் சரியான வழி, 1.8 காரிலிருந்து டார்செனுடன் கூடிய 7 அங்குல டிஃபரன்ஷியலை முழுத் தொகுதியாக எடுத்துப் பொருத்துவதுதான். ஹவுசிங், இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட்டுகள், டிஃபரன்ஷியலிலிருந்து வெளிவரும் குட்டைத் தண்டுகள், கியர் பெட்டியிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் பிரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகிய அனைத்தும் ஒரே காரிலிருந்து வருவது நல்லது. 1.8-இன் டிரைவ் ஷாஃப்ட்டுகள் 1.6-இன் ஹப்புகளில் பொருந்தும். ஆனால் டிஃபரன்ஷியல் பக்க இணைப்பும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்ச்சும் வேறு. குட்டைத் தண்டுகளை விற்பவர் தனியாக வைத்துக்கொள்ள விடாதீர்கள். உங்கள் காரில் ஏபிஎஸ் இருந்தால், டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனையில் சென்சாருக்கான பல்வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முழுத் தொகுதியை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எல்எஸ்டியை மட்டும் வாங்கி, இருக்கிற ஹவுசிங்குக்குள் போடுவது என்றால் கிரவுன் வீலைக் கழற்றி மாட்டி, பேரிங் இறுக்கத்தையும் பற்களுக்கிடையிலான தளர்வான பேக்லாஷையும் புதிதாக அமைத்து, பற்களில் வண்ணப்பசை தடவி அவை எங்கே தொடுகின்றன என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய இடைவெளிகளோடு செய்யும் வேலை இது. டயல் இண்டிகேட்டரும் பழகிய கையும் வேண்டும். சரியாக அமையாவிட்டால் ஓடும்போது ஊளையிடும், பிறகு பற்கள் சிதையும். கிரவுன் வீலும் பினியனும் இணையாகவே தேய்ந்து பழகியவை என்பதால் ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது. தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட டிஃபரன்ஷியலை முழுதாக மாற்றும்போது இந்தக் கவலை எதுவும் இல்லை.

இறுதி விகிதம்

சக்கரம் ஒரு முறை சுற்ற பினியன் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே இறுதி விகிதம். தொடக்ககால 1.6 கார்களில் அது 4.3, 1.8 கார்களில் பொதுவாக 4.1. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையின் 7 அங்குல டிஃபரன்ஷியல்களும் பொருந்தக் கூடியவைதாம். அவற்றில் ஐந்து கியர் கார்களில் 4.3-ம் ஆறு கியர் கார்களில் 3.909-ம் காணப்படும். 3.909 விகிதத்தை 1.6 எஞ்சினோடும் ஐந்து கியர் பெட்டியோடும் சேர்த்தால் கார் சோம்பலாகிவிடும்; எல்எஸ்டியால் பெற்றதை விகிதத்தால் இழந்தது போலாகும். நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் 4.1 நல்லது, மலைச்சாலையும் டிராக்கும் என்றால் 4.3. கியா ஸ்போர்ட்டேஜ் வண்டியின் 4.78 விகிதக் கிரவுன் பினியன் 7 அங்குல ஹவுசிங்கில் பொருந்தும் என்பதும் பலர் பயன்படுத்திப் பார்த்த வழி, ஆனால் எஞ்சின் வேகம் கூடுவதால் எழும் இரைச்சல் சாலையில் ஓட்டும் காருக்குத் தேவையற்றது.

ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியிலிருந்து இயங்குவதால், விகிதம் மாறினால் அது தவறாகக் காட்டும். 4.3-லிருந்து 4.1-க்கு மாறினால், முள் 100 காட்டும்போது உண்மையான வேகம் சுமார் 105. கியர் பெட்டியிலுள்ள சிறிய பிளாஸ்டிக் ஸ்பீடோமீட்டர் கியரையும் உரிய பல் எண்ணிக்கையுடையதாக மாற்றினால் இது சரியாகும்.

பழைய டிஃபரன்ஷியலை வாங்கும்போது

விற்பவர் சொல்லும் விகிதத்தை நம்பி வாங்காமல், நீங்களே எண்ணிப் பாருங்கள். பினியன் ஃபிளாஞ்ச்சில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, இரண்டு வெளித்தண்டுகளும் சேர்ந்து பத்து முறை சுற்றும்வரை பினியனைத் திருப்பினால், 4.3 ஆனால் 43 சுற்று வரும், 4.1 ஆனால் 41. திருப்பும்போது கரகரப்போ தடங்கலோ இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆயில் வடிகட்டும் போல்ட்டின் காந்தத்தில் மாவு போன்ற கருந்துகள் ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இரும்பு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காரிலேயே இருக்கும் எல்எஸ்டியைச் சோதிக்க, இரு பின்சக்கரங்களையும் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். எந்த வகையானாலும் மறுசக்கரம் எதிர்த்திசையில்தான் சுற்றும். கவனிக்க வேண்டியது எதிர்ப்பு. ஓப்பன் தங்குதடையின்றிச் சுற்றும். நல்ல நிலையிலுள்ள விஸ்கஸ் மெதுவாகத் திருப்பினால் வழிவிடும், வேகமாகத் திருப்பினால் எதிர்க்கும். கிளட்ச் வகை முன்னழுத்தத்தை மீறும்வரை அசையாது. டார்செனைக் கையின் விசையால் மட்டும் உறுதியாக எடைபோட முடியாது. வெளித்தண்டைக் கழற்றி அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதே நம்பகமானது. ஓப்பன் வகையில் நடுவே குறுக்குத் தண்டு தெரியும்.

பொருத்துவதும் பராமரிப்பதும்

இந்தக் காரில் கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்னும் நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதன் போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன் கியர் பெட்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினும் கியர் பெட்டியும் பின்பக்கமாகச் சாய்ந்து தொங்கும். மீண்டும் பூட்டும்போது ஒர்க்‌ஷாப் கையேட்டில் சொல்லியுள்ள உயரத்தில் சட்டத்தை நிறுத்தி இறுக்காவிட்டால் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும். டிஃபரன்ஷியல் கையில் இருக்கும்போதே பினியன் சீலையும் இரு பக்க சீல்களையும் மாற்றிவிடுங்கள். அதைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 1989, 1990 மாடல்களைச் சேகரிப்போர் தேடத் தொடங்கிவிட்டதால், கழற்றிய அசல் டிஃபரன்ஷியலை விற்காமல் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவது நல்லது.

ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வடிகட்டும் போல்ட்டைத் திறக்க வேண்டும். சிறிய டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர், பெரியதற்கு 1 லிட்டர். டார்செனுக்கு ஜிஎல்-5 தரத்து 75டபிள்யூ-90 கியர் ஆயில் போதும், தனிச் சேர்ப்பு எதுவும் வேண்டாம். கிளட்ச் வகைக்குத் தயாரிப்பாளர் சொன்ன எல்எஸ்டி ஆயிலையே ஊற்ற வேண்டும். ஓசையைக் குறைப்பதற்காக உராய்வுக் குறைப்பானை அளவுக்கு மேல் சேர்த்தால் பிளேட்டுகள் வழுக்கி, எதற்காக வாங்கினோமோ அந்தப் பிடிப்பே போய்விடும். புதிய கிளட்ச் வகையைப் பொருத்தியதும் காலியான மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவில், இரு திசைகளிலும் மாறி மாறித் திருப்பி ஓட்டிப் பிளேட்டுகளைப் பழக்கி, இடையிடையே நேராக ஓட்டிச் சூடு தணிய விட்டு, சில நூறு கிலோமீட்டருக்குள் அந்த முதல் ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள்.